மதுரைக்கு எத்தனை ராத்திரி, செட்டிநாட்டுக்கு எத்தனை ராத்திரி?

விடுமுறைக்கு நாலைந்து நாள் மதுரைப் பக்கம் போகலாம் என்று கிளம்பும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகின்றன. மதுரையில் ஓர் ஓட்டல், எல்லா ராத்திரியும் அங்கேயே. நடுவில் ஒரு நாள் கார் எடுத்துக்கொண்டு பிள்ளையார்பட்டி, காரைக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திருமயம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்புவது. பெட்டியை மாற்ற வேண்டாம், செலவும் குறைவு என்று தோன்றும். ஆனால் இப்படிப் போகிறவர்களுக்குச் செட்டிநாடும் சரியாகக் கிடைப்பதில்லை, அன்றைய மதுரையும் போய்விடுகிறது.

அந்த ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மதுரையிலிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். எல்லாரும் குளித்து, டிபன் முடித்துக் கிளம்ப ஒன்பது மணியாகும். பிள்ளையார்பட்டியில் வரிசையில் நிற்கும்போது பதினொன்று. மதியம் நடை சாத்திவிடுவார்கள். காரைக்குடியில் சாப்பாட்டை முடித்தால் இரண்டரை. மிச்சமிருக்கிற இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திருமயம் கோட்டை மூன்றும் எப்படி அடங்கும்? எங்கேயாவது ஒன்றை வாசலோடு பார்த்துவிட்டு, இருட்டில் மதுரைக்குத் திரும்ப வேண்டியதுதான். காருக்குள் மட்டும் நாலைந்து மணி நேரம்.

அடிப்படைத் தவறு, நாட்களை மட்டும் எண்ணுவது. இந்தப் பக்கத்தில் எண்ண வேண்டியது ராத்திரிகளை. காரணம் எளிது: கோயில்கள் மதியம் பன்னிரண்டரை, ஒரு மணி வாக்கில் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். வெயிலும் அந்த நேரத்தில்தான் உச்சம். ஆக, ஊரானாலும் கிராமமானாலும் நல்ல நேரம் காலையும் மாலையும்தான். எந்த ஊரில் தூங்கி எழுகிறீர்களோ அந்த ஊரின் காலையும் மாலையும்தான் உங்களுக்கு.

மதுரைக்கு இது ரொம்பவே பொருந்தும். மீனாட்சியம்மன் கோயிலை அதிகாலையில் பார்ப்பதும், பத்து மணிக் கூட்டத்தில் பார்ப்பதும் ஒன்றல்ல. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பள்ளியறை பூஜை நடக்கும். சொக்கநாதரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, மேளம் முழங்க, அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோவார்கள். மதுரைக்குப் போய் அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. (செல்போனை உள்ளே விட மாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.) அது முடிந்து வெளியே வந்து மாசி வீதிப் பக்கம் சூடாக நாலு இட்லி சாப்பிட வேண்டுமென்றால், பகலெல்லாம் அலைந்து களைத்திருக்கக் கூடாது. அதனால் மதுரைக்கு இரண்டு ராத்திரி கட்டாயம் வேண்டும்.

செட்டிநாட்டில் வேறு ஒரு தவறு செய்கிறோம்: ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்ததுதான் செட்டிநாடு. பட்டியல் போட்டு முடிக்க முடியாது. அங்கே பார்க்க வேண்டியவை, ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் பழைய செட்டியார் வீடுகள். பர்மா தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர் என்று ஒவ்வொன்றையும் நின்று பார்க்க நேரம் வேண்டும். மூன்று வீட்டை அவசரமாகப் பார்ப்பதைவிட ஒன்றை முழுசாகப் பாருங்கள். பல வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். பார்வையாளர்களை விடும் வீடுகளிலும், குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ என்றால் அன்றைக்கு அனுமதி கிடைக்காது. முதல் நாளே விசாரித்துவிடுவது நல்லது.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைக்கும் அவசரமாகப் போகக் கூடாது. ஒரு சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன் மேல் பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால், ஈரமாக இருக்கும் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி, மட்டம் பண்ணி ஒதுக்கி வைப்பார்கள். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, கண்ணாடியை எடுக்கும்போது கல் அந்தக் கண்ணாடியின் பளபளப்போடு வெளியே வரும். பிள்ளைகள் கூட இருந்தால் இங்கே ஒரு மணி நேரமாவது விடுங்கள். இது பகல் வேலை என்பதால் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். வேலை நடக்கிற நாள்தானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்குவதில் ஒரு விஷயம். கானாடுகாத்தான் மாதிரி ஊரில் பழைய வீட்டு ஓட்டலில் தங்கினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெளியே கடை தேட முடியாது. வாடகையில் சாப்பாடும் சேர்த்தியா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். அந்த வாடகை கட்டுப்படியாகாது என்றால் காரைக்குடி டவுனில் சாதாரண லாட்ஜில் தங்கலாம், ஒன்றும் குறைந்துபோகாது. ஆத்தங்குடியும் கானாடுகாத்தானும் அங்கிருந்து பக்கம்தான். டவுன் பஸ்ஸை நம்பினால் பாதி நாள் காத்திருப்பதில் போகும். காரைக்குடியிலேயே ஒரு வண்டி பேசிக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து இரண்டு நாள் நிறுத்திவைத்தால் பேட்டாவும் திரும்பும் கிலோமீட்டரும் உங்கள் தலையில்தான் விழும்.

சரி, எப்படிப் பிரிப்பது? நாலு ராத்திரி என்றால் இரண்டு மதுரை, இரண்டு செட்டிநாடு. மூன்று என்றால் இரண்டும் ஒன்றும். இரண்டே ராத்திரிதான் என்றால் செட்டிநாட்டை இன்னொரு பயணத்துக்கு வைத்துவிடுங்கள். கிராமத்துப் பக்கம் பார்க்க மதுரையைச் சுற்றியே நிறைய இருக்கிறது. கீழடி அருங்காட்சியகம், கீழக்குயில்குடி சமணர் மலை, அழகர்கோயில் ஒவ்வொன்றும் அரை நாள் வேலைதான். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அப்படித்தான். காலையில் போய்விட்டுச் சாயங்காலம் கோயிலுக்குத் திரும்பிவிடலாம்.

சித்திரைத் திருவிழா சமயம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் மதுரையை விட்டு நகர வேண்டாம், எல்லா ராத்திரியும் அங்கேயே இருங்கள். அறையை மட்டும் ரொம்ப முன்னாலேயே பிடித்துவிட வேண்டும்.

ஊர் மாறும் நாளை வெறும் பயணமாக விடுவதும் நஷ்டம். மேலூர், திருப்பத்தூர் வழியாகத்தான் காரைக்குடி போகப் போகிறீர்கள். பெட்டிகளோடு காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டால் பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் நடை சாத்துவதற்குள் முடிந்துவிடும். குளிர்காலமாக இருந்தால் திருப்பத்தூரை நெருங்கும்போது வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்திலும் நிறுத்துங்கள். பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அங்கேயிருக்கும் கொள்ளுகுடிப்பட்டி. மதியத்தில் காரைக்குடி போய்ச் சேர்ந்தால் சாயங்காலம் முழுக்க உங்களுக்கு மிச்சம்.

அப்புறம், சென்னைக்காரர்கள் பலர் போக வர இரண்டுக்கும் மதுரைக்கே டிக்கெட் எடுத்துவிட்டு, ரயில் பிடிப்பதற்காகவே காரைக்குடியிலிருந்து மதுரைக்குத் திரும்புகிறார்கள். தேவையே இல்லை. போகும்போது பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியும்போது மதுரையில் இறங்குங்கள். திரும்புவதற்குக் காரைக்குடியிலிருந்தே விடியற்காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் கிளம்புகிறது. ராமேஸ்வரத்திலிருந்து சென்னை வரும் இரவு ரயில்களும் காரைக்குடி வழியாகப் போகின்றன. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும் என்பதால், தேதி முடிவானதும் முதலில் இந்த இரண்டு டிக்கெட்டையும் எடுத்துவிட்டு அப்புறம் அறை பாருங்கள். பல்லவனில் வருவதாக இருந்தால் ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோவை முதல் நாள் ராத்திரியே சொல்லி வைத்துவிடுங்கள்.