பாதை ஏறிப் போனால் கதை கிடைக்கும்: ஊர் பார்த்து நாவல் எழுத விரும்புவோருக்கு

மட்டக்களப்பை வைத்து நாவல் எழுதப் புறப்படுகிறவருக்குப் பாடுமீனும் முழுநிலவும் கல்லடிப் பாலமும் கேட்காமலே வந்து நிற்கும். அவற்றை எழுதுவதில் தவறில்லை. ஆனால் அவற்றிலிருந்து கதை பிறப்பது அரிது. ஓர் ஊர் தன் மனிதரை எதற்காகக் காத்திருக்க வைக்கிறது, எங்கே சுற்றிப் போக வைக்கிறது, யாரை யாரோடு முரண்பட வைக்கிறது என்று பார்த்துக்கொண்டே பயணம் செய்கிறவருக்குத்தான் பாத்திரங்கள் அகப்படுவார்கள்.

ஆகவே வாவியை, அதாவது இங்குள்ள கடலேரியை, கடப்பதிலிருந்து தொடங்குங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூருக்குப் போய்ப் பாருங்கள். மோட்டார் சைக்கிளும் சாக்கு மூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரே தட்டில் நெருங்கி நிற்கும் அந்த மிதவையைத்தான் இங்கே பாதை என்கிறோம். அது அக்கரையில் நிற்கும்போது இக்கரைக்கு வந்து சேர்ந்தவர் எவ்வளவு அவசரமானாலும் நின்றே ஆகவேண்டும். பிரசவ வலியோடு ஒருத்தி, கடன் கேட்டு வந்த ஒருவன், அவனுக்கு முகம் கொடுக்க விரும்பாத அவன் மைத்துனன் ஆகியோரை அந்தத் துறையில் அரைமணி நேரம் நிறுத்திவைத்தால், ஓர் அத்தியாயத்துக்கு வேண்டிய இறுக்கத்தை இடமே தந்துவிடும். காலத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது, கல்லடியில் புதிய பாலம் 2013இல் வரும்வரை, ஒருபக்க வாகனம் போய் முடியும்வரை மறுபக்க வாகனம் நின்ற பழைய ஒடுங்கிய பாலம்தான் இருந்தது. 1990களில் நடக்கும் கதையில் நாயகன் இரு பாலங்களையும் விரைந்து கடந்தால், ஊர்க்காரர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

இதை அனுபவித்தே சொல்கிறேன். என் முதல் கதை ஒன்றில், படுவான்கரையில் நிற்கும் பெண் வாவிக்குள் சூரியன் மறைவதைப் பார்த்து அழுவாள். மண்டூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் அதை வாசித்துக் காட்டியபோது, பாக்கு வெட்டிக்கொண்டிருந்த பெத்தா (பாட்டி) பாக்குவெட்டியை நிறுத்தினார்.

“மனே, இஞ்ச இருந்து பார்த்தா வாவியில பொழுது விழாது, எழும்பும்.”

“அப்ப எங்க பெத்தா விழும்?”

“வயலுக்குள்ளதான். மறுகா என்னத்துக்குப் படுவான்கரை எண்டு பேர் வெச்ச?”

ஊரின் பெயரிலேயே இருந்த திசையைப் புகைப்படம் பார்த்து எழுதிய நான் தவறவிட்டிருந்தேன். இடப்பெயர்களை அதன் பிறகே கவனித்துப் படிக்கத் தொடங்கினேன். முனை, குடா, மடு, சேனை, வெளி, தீவு என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் நிலத்தின் வடிவத்தையோ பழைய பயன்பாட்டையோ சொல்பவை. கற்பனை ஊருக்குப் பெயர் வைக்கும்போதும் அந்த ஒழுங்கு பிசகக்கூடாது. நீர்க்கரையே இல்லாத ஊரை முனை என்று அழைத்தால் இங்கே சிரிப்பார்கள்.

ஒரே ஊருக்கு இருமுறையாவது போகவேண்டும். கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆடியில் பார்த்த வட்டை (வயல்வெளி), மார்கழி மழையில் வேறு நாடு. (கச்சான் என்றால் எங்களுக்குக் காற்றும் உண்டு, நிலக்கடலையும் உண்டு, வெளியூர்ப் பாத்திரம் ஒருவர் குழம்புவதற்கு இது போதும்.) மாரியில் வாவி பெருகி வயல் மூழ்கத் தொடங்கினால், முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடும்படி வேளாண்மை செய்கிறவர் கேட்பார், வாவியில் வலை வீசுகிறவருக்கு அதை எப்போது வெட்டுவது என்பதில் வேறு கணக்கு இருக்கலாம். அண்ணன் வயலிலும் தம்பி தோணியிலுமாக ஒரு குடும்பத்தை வைத்துப் பாருங்கள்.

பேச்சைக் கேட்க, சொந்த வாகனத்தைத் தவிர்த்து, கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். காத்தான்குடியில் “வாப்பா” என்று தொலைபேசியில் அழைத்த குரல் இறங்க, ஆரையம்பதியில் “அப்பா” என்று அழைக்கும் குரல் ஏறும். உறவுப்பெயரை மாற்றி எழுதிவிட்டால் மற்ற வருணனை எதுவும் காப்பாற்றாது.

குறிப்பேட்டை எங்கே திறக்கக்கூடாது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைப் பற்றி முதியவர்கள் தாமாகவே சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அப்படியல்ல. நாவலடிக் கரையில் நின்று ஒருவர் கடலைக் காட்டிப் பேசும்போது நான் பேனாவை எடுத்ததில்லை. பஸ்ஸில் திரும்பும்போது நினைவிலிருந்ததை மட்டுமே எழுதினேன். பெயர், வீடு, இழந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கதையில் மாற்றிவிடுவது குறைந்தபட்ச நாகரிகம்.

எழுதும் வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். ஆங்கில எழுத்தாளர் லெனார்ட் வுல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது அலுவல் நாட்குறிப்பு எழுதிவந்தார். அப்பகுதியின் காட்டுக் கிராமத்தைப் பற்றிய அவருடைய நாவல், இங்கிலாந்து திரும்பிய பின் 1913இல் வெளிவந்தது. குறிப்பில் கிடக்கும் நூறு செய்திகளில் எவை மறக்காமல் நிற்கின்றனவோ அவையே நாவலுக்கு உரியவை.

வரைவு முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு மீண்டும் பாதை ஏறுங்கள். திண்ணையில் வாசித்துக் காட்டும்போது, பாக்குவெட்டி எந்த வரியில் நிற்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.