சர்க்கரை வந்த வீட்டில் களி: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு சாப்பாட்டுச் செய்முறை

புதிதாகச் சர்க்கரை என்று ரிசல்ட் வந்தவுடன் நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற முதல் யோசனை, "அரிசியை விட்டுட்டுக் கேழ்வரகுக் களிக்கு மாறிடுங்க" என்பதுதான். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். அது நல்ல யோசனை, ஆனால் பாதி யோசனை. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். டைப் 2 சர்க்கரை என்று இப்போதுதான் தெரிந்து, இன்சுலின் போடாமல் இருப்பவர்களுக்கான பதிவு இது. கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கே வேறு.

படி 1: டாக்டரிடம் ஒரு கேள்வி

சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "நான் சாப்பாட்டைக் குறைக்கப் போறேன். இந்த மாத்திரையால சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துடுமா?" மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரை என்றால் சாப்பாடு குறைந்ததும் சர்க்கரை 70க்குக் கீழே போக வாய்ப்பு உண்டு. கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். அப்போது 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை குடிக்க வேண்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அதில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஆனால் உங்கள் சாப்பாடு மாறியது மாத்திரைக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். அப்படியே கண் விழித்திரைப் பரிசோதனைக்கும் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். டைப் 2 பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வெளியே வரும் நோய். அதனால் கண்ணை இப்போதே பார்ப்பதுதான் சரி.

படி 2: இரண்டு சாமான்கள்

ஒன்று குளுக்கோமீட்டர். மெஷின் விலையைப் பார்க்காதீர்கள், ஸ்ட்ரிப் விலையைப் பாருங்கள். மெஷின் ஒரு தடவைச் செலவு, ஸ்ட்ரிப் மாதாமாதச் செலவு. இன்னொன்று சமையலறை டிஜிட்டல் தராசு. சர்க்கரைக்கென்று விற்கிற பிஸ்கட், பவுடர், கஷாயப் பொடி எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தத் தராசைத்தான் வாங்கச் சொல்வேன்.

பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு இதுதான்: வெறும் வயிற்றில் 80 முதல் 130க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180க்குக் கீழே, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7 சதவீதத்துக்குக் கீழே. வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்தித் தருவார். அந்த இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும், கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல.

படி 3: களியை அளப்பது

என்னை அதிக நாள் குழப்பியது இதுதான். அரிசியை நிறுத்தியாயிற்று, மதியம் களிதான், ஆனாலும் மீட்டரில் எண் இறங்கவில்லை. காரணம் தட்டிலேயே இருந்தது.

100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராமை ஒட்டி இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகு மாவில் 70 கிராமை ஒட்டி. வித்தியாசம் அவ்வளவுதான். கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் அரிசியைவிட மிக அதிகம், அந்த மதிப்பு என்றைக்கும் அதற்கு உண்டு. ஆனால் நைசாக அரைத்து, கொதிக்கக் கிண்டி, மெல்லாமலே விழுங்குகிற களி வேகமாகவே ரத்தத்தில் ஏறும். போதாததற்கு நம் வீடுகளில் களியில் நொய் போடுகிறோம். எங்கள் வீட்டில் வழக்கமாகப் பிடிக்கும் உருண்டையைக் கணக்குப் பார்த்தால், ஒரு உருண்டைக்கு நொய்யும் மாவும் சேர்த்து 150 கிராம் வந்தது. ஒரே வேளையில் 100 கிராமுக்கு மேல் மாவுச்சத்து!

அளக்கிற விதம் இது:

1. கிண்டுவதற்கு முன், பானையில் போடப்போகிற மாவையும் நொய்யையும் எடை போடுங்கள். உதாரணத்துக்கு இரண்டும் சேர்த்து 300 கிராம். மாவைச் சலிக்காதீர்கள், தவிட்டோடு இருக்கட்டும்.

2. வழக்கம்போலக் கொதிநீரில் போட்டு, துடுப்பால் கட்டி விழாமல் கிண்டி இறக்குங்கள். இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

3. தராசில் காலித் தட்டை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கையில் தண்ணீர் தொட்டு உருட்டிய எல்லா உருண்டைகளையும் அதில் வைத்து எடை பாருங்கள். 1,000 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

4. எனக்கு ஒரு வேளைக்கு 60 கிராம் மாவு என்று வைத்திருக்கிறேன். 300 கிராம் மாவு 1,000 கிராம் களியானால், 60 கிராம் மாவு 200 கிராம் களி. உங்கள் பங்கை அந்த எடைக்கு உருட்டிக்கொள்ளுங்கள்.

பெரிய உருண்டைக்குப் பழகிய கண்ணுக்கு அது தட்டில் எலுமிச்சம்பழம் மாதிரிதான் தெரியும். பசிக்குமே என்று வீட்டில் கவலைப்படுவார்கள். அந்தப் பசிக்கு அடுத்த படி இருக்கிறது.

60 கிராம் என்பது என் உடம்புக்குச் சரிவந்த அளவு. நீங்கள் அதிலிருந்து தொடங்கி, இரண்டு மணி நேரத்து எண்ணைப் பார்த்துக் கூட்டுங்கள், குறையுங்கள். வயலில் வேலை செய்கிறவருக்கும் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே அளவு பொருந்தாது. சாமைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கும், அரிசியை விட முடியாதவர்களுக்கும் இதே தராசு, இதே கணக்கு.

படி 4: தட்டை நிரப்புவது, சாப்பிடுகிற வரிசை

முதலில் தட்டில் பாதி இடத்துக்குக் காயும் கீரையும். கீரைக் கடைசல், அவரைக்காய்ப் பொரியல், பாலக்கோட்டுத் தக்காளி, முள்ளங்கி என எது கிடைக்கிறதோ அது. உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது. கால்வாசி இடம் முட்டை, மீன், கோழி, கொள்ளு, பச்சைப்பயறு மாதிரி புரதத்துக்கு. பனிக்காலத்தில் மொச்சை நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும், விடாதீர்கள். மிச்சக் கால்வாசிதான் களிக்கு.

சாப்பிடும்போதும் அதே வரிசை. காயையும் புரதத்தையும் முதலில் முடித்துவிட்டு, களியைக் கடைசியில் எடுங்கள். அதே சாப்பாட்டை வரிசை மாற்றிச் சாப்பிட்டாலே சர்க்கரை மெதுவாக ஏறும், மீட்டரில் நீங்களே பார்க்கலாம். குழம்புக்கு மட்டும் கொஞ்சம் களியை வைத்துக்கொண்டால் போதும். சாப்பிட்டதும் படுக்காமல் 15 நிமிடம் நடங்கள், தெருவிலோ மொட்டை மாடியிலோ.

காலை இட்லியும் மாலை டீயும் சிறிய விஷயங்கள். இட்லியை இரண்டாக்கிச் சட்னியோடு ஒரு முட்டை சேருங்கள். டீயில் சர்க்கரை வேண்டாம்.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி போடலாமா என்று பலர் கேட்டார்கள். போடக் கூடாது. மூன்றிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், மீட்டர் நிறத்தைப் பார்ப்பதில்லை.

ரேஷன் கேழ்வரகு பரவாயில்லையா என்று ஒருவர் கேட்டார். 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கிடைத்தால் வாங்குங்கள். கல் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, மில்லில் கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லுங்கள்.

கூழ் பற்றிக் கேட்டவர்களுக்கு: புளித்த கூழ் நல்லதுதான், ஆனால் சொம்பில் குடிக்கும்போது அளவு தெரியாது. மாவைக் கணக்கிட்டுக் கரைத்து டம்ளரில் குடியுங்கள்.

மாம்பழம்தான் பெரிய கேள்வி. கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு சீசனில் மாம்பழமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 100 கிராம் சதையில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து 15 கிராமை ஒட்டி இருக்கும். எண் கட்டுக்குள் வந்த பிறகு, தராசில் 100 கிராம் வைத்து, அன்றைய களியைக் குறைத்துக்கொண்டு சாப்பிடுங்கள். ஜூஸ் வேண்டாம்.

ஒரு வாசகி எழுதியிருந்தார்: பழத்தை நறுக்கி வீட்டாருக்குக் கொடுத்தாராம், அவர் சாப்பிடவே இல்லையாம். ஆனால் மீட்டரில் 300ஐத் தாண்டியதாம். விரலில் ஒட்டிய பழச்சாற்றின் சர்க்கரையைத்தான் ஸ்ட்ரிப் காட்டியிருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலியும் குறையும்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி எடுங்கள். ரத்தசோகை இருந்தால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். சாப்பாடு சரியாக இருந்தும் எண் இறங்கவில்லை என்று களியை இன்னும் குறைப்பதற்கு முன், ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.