மருந்தடிக்கும் முன் உருளை இலையைத் திருப்பிப் பாருங்கள்

தாளவாடிப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டிருப்பவர்கள் மருந்துக் கடைக்கு வண்டியை எடுப்பதற்கு முன், காலையில் காட்டுக்குள் இறங்கி இருபது செடிகளிலாவது அடியிலைகளைத் திருப்பிப் பாருங்கள். அசுவினிப் பூச்சி அங்கேதான் அப்பியிருக்கும். சாறு உறிஞ்சுவதோடு இலைச்சுருட்டு நோயையும் பரப்புவதால், விதைக்கு விடும் காட்டில் அசட்டையாக இருக்கவே கூடாது. ஆனால் அதே இலையில் கருப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டு வைத்த நீளமான புழு ஊர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள், அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்றே வளர்கிறது. நூல் மாதிரிக் காம்பு நுனியில் முட்டை நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. உப்பிப் பழுப்பாகிப்போன அசுவினிகளுக்குள் குட்டிக் குளவிகள் வளர்கின்றன, அவற்றையும் விட்டுவிடுங்கள்.

நிறையப் பேர் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். பொறிவண்டு இனத்திலேயே இலை தின்னும் வண்டு ஒன்று உண்டு. மங்கலான செம்பழுப்பு, மேலே மெல்லிய மயிர், பளபளப்பே இருக்காது. சிலதில் 28 புள்ளிகள்கூட எண்ணலாம். புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளோடு இருந்து, பச்சையத்தைச் சுரண்டி இலையைச் சல்லடையாக்கும். பக்கத்துக் கத்தரியிலும் இதே வண்டு இருக்கும். கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். முட்டை மட்டும் இரண்டுக்கும் மஞ்சள் குவியல்தான், அதனால் அசுவினி இருக்கும் இலையில் முட்டையைத் தொடாமல் விடுவதே நல்லது.

சரி, நல்ல பூச்சிகள் தங்க என்ன செய்வது? வரப்போரம் கொத்தமல்லி தூவிப் பூக்க விடுங்கள், செண்டுமல்லியும் வைக்கலாம். கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கும் குளவிக்கும் அந்தத் தேன் வேண்டும். எறும்புச் சாரை இருந்தால் கவனியுங்கள், அசுவினியின் இனிப்புக் கழிவுக்காக அவை பொறிவண்டை விரட்டும்.

குளவியை நம்பலாமா என்று தயங்குபவர்கள் பப்பாளி மாவுப்பூச்சியை நினைத்துப் பாருங்கள். 2008-இல் கோயமுத்தூரில் தென்பட்டு மல்பெரி, மரவள்ளி வரை நாசமாக்கியதை, 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒரு குளவிதான் அடக்கியது.

உருளையில் கிழங்கு அந்துப்பூச்சியை அடக்கவும் கீலோனஸ் என்ற குளவி இருக்கிறது. நட்ட 40, 70-ஆம் நாட்களில் ஏக்கருக்கு 12,000 வீதம், வெயில் தாழ்ந்த பிறகு விடுங்கள். விட்ட பிறகு பூச்சிக்கொல்லி அடித்தால் காசு வீண். அப்புறம் கிழங்கை 10-15 செ.மீ. ஆழத்தில் நட்டு, 60-ஆம் நாள் மண் அணைத்துவிடுங்கள், வெளியே தெரியும் கிழங்கில்தான் அந்து முட்டை வைக்கும்.