மிஞ்சிய செம்புத் துண்டில் ஒரு ஜோடி தொங்கட்டான்

தகட்டு வேலை முடிந்ததும் ஓரத்தில் சேரும் செம்பு, பித்தளைத் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு இருந்தால் ஒரு ஜோடி தொங்கட்டான் தாராளமாகச் செய்யலாம்.

முதலில் துண்டுகளைப் பிரித்து வையுங்கள். காந்தத்தில் ஒட்டுவதையும், என்ன உலோகம் என்று தெரியாததையும் ஒதுக்கிவிடுங்கள், அதில் ஈயமோ நிக்கலோ கலந்திருக்கலாம். துத்தநாகம் பூசிய தகட்டை ஒருபோதும் நெருப்பில் காட்டக்கூடாது, அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சலே வந்துவிடும். பழகுவதற்குச் செம்புதான் சரி, அதுவும் அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் கத்தரிக்கும் வளையும், காதுக்கும் பாரமாக இருக்காது.

வடிவத்தை மனதில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற துண்டைத் தேடாதீர்கள், அப்படி வெட்டினால் மறுபடியும் கழிவுதான் மிஞ்சும். துண்டுகளை வெள்ளைத் தாளில் பரப்பி, திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். கோணல் முக்கோணம் ஒன்று, வளைந்த கீற்று ஒன்று என்று பாதி வடிவம் ஏற்கெனவே அங்கே இருக்கும். ஜோடி அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதில்லை, நீளமும் எடையும் ஒத்துப்போனால் போதும். பிடித்த வடிவத்தை அட்டையில் வெட்டி, நூலில் கட்டிக் காதருகே பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள், ஏனென்றால் மேசைமேல் சின்னதாகத் தெரிந்தது காதில் பெரிதாகத் தெரியும்.

சரி, வெட்டலாம். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, மார்க்கரில் வரைந்த கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே தகடு வெட்டும் கத்தரியால் வெட்டுங்கள். கத்தரியை நுனிவரை மூடாதீர்கள், மூடினால் விளிம்பில் வெட்டுத்தழும்பு விழும். அப்புறம் ஓட்டை: விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி, ஆணியால் ஒரு சின்னக் குழி தட்டிவிட்டு டிரில்லை வையுங்கள், இல்லாவிட்டால் முனை வழுக்கி ஓடும். துண்டை மரக்கட்டையோடு சேர்த்து இறுக்கிவிடுங்கள். கையால் பிடித்தால் தகடு சுழன்று விரலைக் கிழித்துவிடும்.

உருண்டைத் தலைச் சுத்தியலால் தட்டினால் அழகான குழிக்குழி வேலைப்பாடு வரும். ஆனால் தட்டத் தட்டச் செம்பு இறுகும், அதற்கு மேலும் தட்டினால் விரிசல் விடும். இறுகியது தெரிந்ததும் காற்றோட்டமான இடத்தில் மங்கிய சிவப்பு வரும்வரை சூடு காட்டி, இடுக்கியால் தண்ணீரில் முக்குங்கள், மறுபடி இளகிவிடும். கறுத்த மேல்தோலை எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போகும்.

இனி வருவதில்தான் பொறுமை வேண்டும். கையால் செய்த நகை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை விளிம்பு சொல்லிவிடும், மேற்பரப்பு எவ்வளவு மின்னினாலும் சரி. அரத்தை ஒரே திசையில் தள்ளுங்கள், முன்னும் பின்னும் அறுக்காதீர்கள். கூர் முனைகளை லேசாக உருட்டிவிடுங்கள், ஓட்டையின் இரண்டு பக்கமும் நிற்கும் பிசிறையும் எடுங்கள். பிறகு 220, 400, 600 என்ற எண் வரிசையில் உப்புத்தாள் (எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும்), கடைசி இரண்டையும் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை முழுக்க அழித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். முடிந்ததா என்று பார்க்க ஒரு துண்டுப் பஞ்சை விளிம்போடு இழுங்கள், ஒரு இழை மாட்டினாலும் அந்த இடத்தில் இன்னும் வேலை இருக்கிறது. நிறம் சீக்கிரம் மங்காமலிருக்க மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுக்கலாம்.

காதுக் கொக்கிக்கு மட்டும் மிச்சக் கம்பி வேண்டாம், தோலைத் துளைத்து நிற்பது அதுதான். 0.8 மில்லிமீட்டர் வெள்ளிக் கம்பி ஒவ்வொரு காதுக்கும் 5 சென்டிமீட்டர் எடுத்து, பேனாவைச் சுற்றி வளைத்து, நுனியை மழுங்க அராவுங்கள். தொங்கட்டானையும் கொக்கியையும் இணைக்கும் சின்ன வளையத்தை அகலமாக இழுத்துத் திறக்காமல், இரண்டு குறடால் பிடித்து முன்னும் பின்னுமாகத் திருப்பித் திறந்து, அப்படியே திருப்பி மூடுங்கள். வாய் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் மறுபடி அழுத்திவிடுங்கள்.