வயிறு கலங்கியதும் தீனை மாற்றாதீர்கள்: வேலை நாய் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்புவெளிக் கடற்கரைக்குக் காலையில் நாயோடு பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் கூடிவிட்டார்கள். விடுதிக் காவல், தோட்டக் காவல், மாட்டுப்பட்டி என்று ஜேர்மன் ஷெப்பர்ட்டும் பெல்ஜியன் மலினோய்ஸும் திருகோணமலைக்கு நிறைய வருகின்றன. பிள்ளைகளிடம் ஆர்வமும் உழைப்பும் இருக்கின்றன. ஆனால் முன்பு நாங்கள் விட்ட பிழைகளையே இவர்களும் விடுவதைப் பார்க்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. சமைத்த எலும்பு, வெங்காயக் கறி, சொக்லேட் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மலம் இளகியதும் தீனை மாற்றுவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான். இரண்டு நாள் மலம் இளகிப் போனால் போதும், "இந்தத் தீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவெடுத்துவிடுவார்கள். கடையில் வேறு பை வாங்குவார்கள். அது நாலு நாள். அப்புறம் கோழியும் சோறும். அதுவும் சரிவராவிட்டால் ஆட்டிறைச்சித் தீன். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புதுத் தீனுக்குப் பழகப் பல நாள் வேண்டும். அதற்குள் அடுத்ததைப் போட்டால், அந்த மாற்றமே வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். முதலில் எதனால் தொடங்கியது என்பதைப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதிக்காரர் இளம் மலினோய்ஸ் ஒன்றை வைத்திருந்தார். சீசன் முழுக்கத் தீனை மாற்றி மாற்றி, நாய்க்கு விலா எலும்பு தெரியத் தொடங்கிவிட்டது. காசும் தண்ணீராய்ப் போனது. "அண்ணே, இதைவிட நல்ல தீன் எது?" என்று கேட்டுத்தான் வந்தார். நான் தீனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரு கொப்பி வாங்கி, அன்றன்றைக்கு நாய் என்ன வேலை செய்தது, வீட்டில் என்ன நடந்தது, மலம் எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னேன். தீன் மட்டும் ஒன்றே ஒன்று, மாற்றக்கூடாது என்றேன். வேண்டாவெறுப்பாகத்தான் எழுதினார்.

கொப்பி தெளிவாகக் காட்டியது. கிழமை நடுவில் மலம் இறுக்கம். சனி, ஞாயிறு காலையில் சளியும் தண்ணீரும். தீனோ அதே தீன். வெள்ளி பின்னேரம் கொழும்பிலிருந்து வாகனங்கள் வரும், இரவிரவாகப் பாட்டு, நாய் வாசல் கேற்றுக்குப் பக்கத்தில் சங்கிலியில். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் எழும்பி, விடியும்வரை அதற்குத் தூக்கமே இல்லை.

பதற்றத்தில் உடல் சுரக்கும் ஹோர்மோன்கள் இரைப்பையை மந்தமாக்கும், பெருங்குடலை வேகமாக்கும். அதனால்தான் ஒரே நடையில் முதல் மலம் உருண்டையாகவும், கடைசி மலம் ஜெலிபோலச் சளியோடும் வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை முக்கும், சில வேளை சிவப்பு இரத்தக் கீறலும் இருக்கும். அலாஸ்காவில் ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் ஓடும் இடிடரோட் பனிவண்டி ஓட்டத்தை முடித்த நாய்களின் இரைப்பையைக் கமெரா விட்டுப் பார்த்தபோது, பாதிக்குக் கிட்டிய நாய்களில் புண்ணோ, உட்சுவர் அரிபட்ட தடமோ இருந்தது. நன்றாகத் தீன் போட்டுக் கவனமாக வளர்த்த நாய்கள் அவை. வேலையும் பதற்றமும் அவ்வளவு செய்யும்.

விடுதிக்காரர் நாயின் கூட்டைப் பின்பக்கம் மாற்றினார். வெள்ளிக்கிழமைப் பயிற்சியைக் குறைத்தார். இரவில் நாய்க்குத் தூங்க நேரம் கொடுத்தார். தீனை மாற்றாமலே நாய் தேறியது.

அதற்காக எல்லாவற்றையும் பதற்றத்தின் தலையில் போடவும் கூடாது. மலம் நிறைய நிறைய, எண்ணெய்ப் பசையோடு, வெளிறிப் போகிறதா? நாய் அள்ளி அள்ளித் தின்றும் மெலிகிறதா? ஷெப்பர்ட்டில் அது கணையம் நொதியம் சுரக்காத நோயாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனை வேண்டும். மலம் கறுத்து முரசு (பல் ஈறு) வெளிறினால் புழு இருக்கலாம். மலத்தைச் சின்னப் போத்தலில் எடுத்து மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். தீனை மாற்றத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால் பழையதோடு கலந்து, 7 முதல் 10 நாளில் மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

கடலில் விளையாடவிட்டுக் குடிதண்ணீர் கொண்டு போகாதது

பந்தை அலைக்குள் எறிந்தால் நாய் ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் உப்புத் தண்ணீரையும் விழுங்கும். கொஞ்சமென்றால் சத்தியும் தண்ணீராய் வயிற்றோட்டமும். கூடினால் உப்பு மூளையைத் தாக்கும். கரைவலை இழுத்த இடத்தில் நாயை அவிழ்க்காதீர்கள். மணலில் விட்டுப்போன பேத்தை மீனில் ஆளையே கொல்லும் நஞ்சு இருக்கிறது.

மணலில் இன்னொன்றும் உண்டு. கொளுக்கிப்புழுவின் குடம்பி பாதத்துத் தோலைத் துளைத்தே உள்ளே போகும். இலங்கையில் கிடைத்த புழுவைக் கொண்டு முதலில் விபரிக்கப்பட்ட ஓர் இனம் நாயிலிருந்து மனிதருக்கும் வரக்கூடியது. பூச்சி மருந்தைத் தவறவிடாதீர்கள்.

சட்டித் தயிரை மருந்தாக வைப்பது

ஒரு கரண்டி போதும். எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம்.

நம் குளிசையை நாய்க்குப் போடுவது

வேண்டாம். இபுப்ரோஃபென் இரைப்பையில் ஓட்டை போடும்.

கச்சான் காற்றில் பகல் பயிற்சி

விடியற்காலையில் முடித்துவிடுங்கள். உடம்பு அளவுக்கு மிஞ்சிச் சூடானால் குடலின் உட்சுவர் சிதைந்து, இரத்தமாகவே போகும்.

ஒரே வேளையில் வயிற்றை நிரப்பி, உடனே ஓடவிடுவது

நிறைய வேலை செய்கிற நாய் நிறையத் தின்னட்டும் என்று ஒரு வாளியை முன்னால் வைக்கிறார்கள். ஷெப்பர்ட், டோபர்மன் போன்ற ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு இது உயிர் ஆபத்து. இரைப்பை காற்றால் ஊதி, அப்படியே முறுகிவிடும். ஒரே பெரிய வேளை, அவக் அவக்கென்று விழுங்குவது, பதற்றம் எல்லாம் அந்த ஆபத்தைக் கூட்டுபவை. தீனை இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். வேலை முடிந்து மூச்சிரைப்பு அடங்கிய பிறகு வையுங்கள். தின்ற பின் இரண்டு மணித்தியாலமாவது சும்மா படுக்கவிடுங்கள்.

சத்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் ஓங்காளிக்கிறது, வயிறு மத்தளமாக வீங்குகிறது, வீணீர் வடிகிறது, ஓரிடத்தில் இருக்க முடியாமல் அலைகிறது என்றால் ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்க நேரமில்லை. சத்திரசிகிச்சைதான் வழி, அதுவும் சில மணித்தியாலத்துக்குள். விடியட்டும் என்று காத்திருந்தால் நாய் மிஞ்சாது. இரவில் சத்திரசிகிச்சை செய்யக்கூடிய வைத்தியர் யார், எந்த ஊரில், கொண்டு போக வாகனம் யாரிடம் என்பதை நாய் நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.