மழை விட்டதும் படுக்கப் போகாதீர்கள்: வெள்ளக் காலத்தில் நாம் செய்யும் தவறுகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், 24 மணி நேரத்துக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி வட்டாரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட இது அதிகம். ஒரு சென்ட் நிலத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 38,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்று. அவ்வளவு மழை இனியும் பெய்யலாம். பெய்தால் என்ன செய்யக் கூடாது என்பதை இப்போதே பேசிவிடுவது நல்லது.

தாமிரபரணிக் கரையில் மழை வலுத்தால் எல்லாரும் முதலில் கேட்பது அணையைத்தான். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 143 அடி, மணிமுத்தாறு அணைக்கு 118 அடி. இன்னும் இடமிருக்கிறது என்று தெரிந்தால் மனம் ஆறிவிடுகிறது. ஆபத்தே அங்குதான் தொடங்குகிறது. அணைகள் மலையிலும் மலையடிவாரத்திலும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே விழும் மழையை அவை எப்படித் தடுக்கும்? குற்றாலத்துத் தண்ணீரைக் கொண்டுவரும் சிற்றாறு, சீவலப்பேரியில் தனியாக வந்து ஆற்றில் கலக்கிறது. சமவெளியில் ஒரு குளத்தின் மறுகால், அதாவது நிரம்பி வழியும் உபரிநீர், அடுத்த குளத்துக்குப் போகிறது. மேலே ஒன்று உடைந்தால் அதன் பாரம் முழுவதும் கீழுள்ள கரையின்மேல் இறங்கும். கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் புகுந்ததை அந்த ஊர் மறக்காது. உங்கள் ஊருக்கு மேலே எந்தக் குளம் இருக்கிறது, அதன் மறுகால் எந்த வழியாகப் போகிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள்.

சிவப்பு எச்சரிக்கையை விடுமுறை அறிவிப்பாகப் படிப்பது இன்னொரு தவறு. ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்பதே அதன் பொருள். மேல் வரம்பு கிடையாது, 21 செ.மீ.யும் சிவப்புதான், 95 செ.மீ.யும் சிவப்புதான். சென்ற முறை தூறல்கூட விழவில்லையே என்று இந்த முறை அலட்சியம் செய்யாதீர்கள்.

மழை விட்டதும் கீழ்த்தளத்தில் படுத்து உறங்குவதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. மேலே பெய்த தண்ணீர், ஆற்றின் கடைப்பகுதியிலுள்ள ஏரல், ஆத்தூர்ப் பக்கம் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். வானம் வெளுத்த பிறகும் ஆறு ஏறிக்கொண்டே இருக்கலாம்.

ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின் இரவில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளுடன் ரயில் நின்றுபோனது. அதற்கப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையே வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. முழங்கால் தண்ணீர் மூடிய சாலைக்கு அடியிலும் அப்படி நடந்திருக்கலாம். இரண்டடி ஓட்டம் காரையே தூக்கிவிடும்.

வீட்டுக்குள் தண்ணீர் வருமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது. உதவிக்கு மாநில எண் 1070, மாவட்ட எண் 1077. ஆனால் 2023இல் பல ஊர்களில் செல்போன் சேவையே அற்றுப்போனது. எனவே யார் வீட்டு மாடியில், எந்தப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குவது என்பதைப் பகலிலேயே முடிவு செய்யுங்கள். டிவியையும் பீரோவையும் ஏற்றுவதற்கு முன் நடக்க முடியாத பெரியவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேருங்கள். இருட்டிய பிறகு, இடுப்பளவு தண்ணீரில் கட்டிலோடு அவர்களைத் தூக்க நான்கு பேர் கிடைக்க மாட்டார்கள்.