மரத்து மேல போல் சா பிடிக்கிறதுக்கு முன்னாடி உங்க கயிறு எங்க இருக்குன்னு பாருங்க

போல் சான்னா நீளமான கம்பு, முனையில ரம்பம், எட்டாத கிளைய அறுக்கணும், இதுல என்ன இருக்குன்னுதான் முதல்ல தோணும். ஆனா மேல தொங்கிட்டு அறுக்கும்போது ரெண்டு கையும் கம்புல இருக்கும், கண்ணு அந்தக் கடைசி முனையில இருக்கும், அப்போ உங்களைத் தாங்குறது கயிறு மட்டும்தான். உங்க வெயிட்டுல விறைப்பா நிக்கிற கயித்துல ரம்பப் பல்லு லேசா இழுபட்டாலே போதும், படக்குனு அறுந்துடும்.

அதனால ரம்பத்தை வைக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு இடத்துல கட்டிக்கோங்க, ஏறுற கயிறு ஒண்ணு, இடுப்புப் பெல்ட்டுல இருந்து மரத்தைச் சுத்தி மாட்டுற குட்டைக் கயிறு, அதாவது லேன்யார்ட், இன்னொண்ணு, ரெண்டுமே அறுக்கப்போற கிளைய நம்பி இருக்கக்கூடாது. ஒவ்வொரு தடவை இடம் மாறும்போதும் ரெண்டும் எந்தப் பக்கம் போகுதுன்னு திரும்பிப் பாத்துட்டு அப்புறம்தான் ரம்பம். உள்ள ஸ்டீல் கம்பி இருக்கிற லேன்யார்ட் சீக்கிரம் வெட்டுப்படாது, ஆனா அது கரண்டைக் கடத்தும்.

கரண்ட் விஷயத்துல கொஞ்சம்கூட அசட்டை வேணாம். கரண்ட் கம்பியில இருந்து 10 அடி தள்ளி இருக்கணும்ங்கிறது சாதாரண லைனுக்கே குறைஞ்சபட்சம், வோல்டேஜ் கூடுனா தூரமும் கூடணும். அதையும் நீங்க நிக்கிற இடத்துல இருந்து கணக்குப் போடாதீங்க, கம்பை முழுசா நீட்டுனா முனை எங்க போகும், கிளை சாஞ்சா எங்க விழும், அதுல இருந்து போடுங்க. ஃபைபர் கம்புதானேன்னு தைரியமா இருக்காதீங்க, ஈரமோ அழுக்கோ படிஞ்சா அதுவும் கடத்தும். லைன் பக்கத்துல இருந்தா ஏறாம மின்சார ஆளுங்களைக் கூப்பிடுறதுதான் சரி.

அப்புறம் எஞ்சின், பேட்டரி போல் சா எல்லாம் தரையில நின்னு பிடிக்கிறதுக்குன்னு செஞ்சது, மரத்துலயோ ஏணியிலயோ நின்னு ஓட்டாதீங்கன்னு மேனுவல்லயே போட்டிருப்பாங்க. மேல கை ரம்பம் மட்டும்தான்.

அறுக்கும்போது கிளைக்கு நேர் கீழ இருக்காதீங்க, பக்கவாட்டுல தள்ளி வந்து கம்பு சாய்வா இருக்கிற மாதிரி நில்லுங்க, ஏன்னா அறுந்த கிளை சில நேரம் கம்பு வழியாவே சறுக்கிட்டு நேரா உங்க மூஞ்சிக்கு வரும். கண்ணாடியும் ஹெல்மெட்டும் கண்டிப்பா வேணும், அண்ணாந்து பாக்குற கண்ணுல தூள் விழுந்தா அந்த நேரத்துக்கு நீங்க குருடுதான். கொஞ்சம் கனமான கிளைன்னா முதல்ல அடியில ஒரு சின்ன வெட்டு, அப்புறம் அதுக்குக் கொஞ்சம் வெளிய தள்ளி மேல இருந்து அறுங்க, அப்பதான் பட்டை உரிஞ்சு தண்டு வரைக்கும் கிழியாது. வளைஞ்ச பிளேடு இழுக்கும்போதுதான் அறுக்கும், தள்ளும்போது அமுக்குனா பிளேடு மடங்கும். சிக்கிடுச்சுன்னா உடம்பு வெயிட்டைப் போட்டு வெடுக்குனு இழுக்காதீங்க, திடீர்னு விடுபட்டா ரம்பம் உங்க பக்கம்தான் வரும்.

கம்பை தேவைக்கு மேல நீட்ட வேணாம், நீள நீள முனை ஆடும், உங்க கையில கன்ட்ரோல் இருக்காது. நீட்டுன உடனே லாக்கை ஒரு இழு இழுத்துப் பாத்துடுங்க.

ரம்பத்தைக் கையில வச்சிட்டு ஏறாதீங்க. உறை மாட்டி தனிக் கயித்துல மேல இழுத்துக்கோங்க, இறக்குறதும் அப்படியே. நடுவுல கை மாத்தணும்னா உறுதியான கவையில மாட்டுங்க, பல்லு உங்களுக்கும் கயித்துக்கும் எதிர்ப்பக்கம் பாத்திருக்கணும். சாப்பிட இறங்குனாகூட அதை மரத்துலயே விட்டுட்டு வராதீங்க, காத்துல கிளை ஆடுனா கழண்டு கீழ நிக்கிறவங்க தலையில விழும்.